பங்கு வீடும் பங்காளி வீடும்

முத்தியால்பேட்டையில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குப் புத்தகங்களைப் பார்த்து முடித்து நாம் எழுந்த ஒரு மாலை வேளையில், அச்சங்கத்தின் பழைய அங்கத்தினர் ஒருவர் வந்து ஒரு சந்தேகம் கேட்டார். அவருடைய சகலையின் மகன் பிரெஞ்சுக் குடியுரிமை உடையவர். பாரீசில் சில காலம் இருந்துவிட்டு லண்டனுக்குப் போய் அங்கேயே வேலையில் அமர்ந்தவர். லண்டனுக்கு ஒதுப்புறமாக, மரங்கள் அடர்ந்த ஒரு புறநகரில் தாம் 'பாதி வீடு' வாங்கியிருப்பதாக அவர் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். "பாதி வீடு வாங்குவதாவது, ஐயா? மீதிப் பாதியில் யார் இருப்பார்கள்? அடுப்படி யாருக்கு?" என்பது பெரியவரின் கேள்வி.

நாம் நகைத்தோம். ஆனால் அவர் அத்துடன் நில்லாமல், கைப்பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து நீட்டியபோது நகைப்பு அடங்கிவிட்டது. லாஸ்பேட்டைக்கு அப்பால், ஒரு மாந்தோப்பில் எழும்பவிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கான ஒப்பந்த நகல் அது. சங்கத்தில் இருபது ஆண்டுகளாகப் பிடித்தம் செய்யப்பட்டு வந்த சிக்கன நிதியும், மனைவியின் நகைகளும் அந்த முன்பணமாக மாறக் காத்திருந்தன. காகிதத்தில் அவருக்கு விற்கப்படுவதாகக் கண்டிருந்தது 'பிரிவினை செய்யப்படாத நிலப் பங்கும் அதன்மேல் கட்டப்படும் வீடும்'. சகலை மகன் வாங்கியது பங்கு வீடென்றால், தாம் வாங்க முனைந்திருப்பதும் ஒரு வகைப் பங்கு வீடே என்பதைப் பெரியவர் அறிந்திருக்கவில்லை. அவர் மட்டுமல்ல, நம் அங்கத்தினரில் பலரும் அறியார் என்பது நமது அனுபவம். ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் லண்டன் வீட்டைப் பார்ப்போம். அங்கே வீட்டுவசதிச் சங்கம் ஒன்று வீட்டைக் கட்டுகிறது. முழு விலையையும் கொடுக்க இயலாதவர், அதில் ஒரு பங்கை மட்டும் கிரயத்துக்கு வாங்கிக்கொண்டு எஞ்சிய பங்குக்கு மாதந்தோறும் வாடகை செலுத்துகிறார். குடியிருப்பது முழு வீட்டிலும்தான். அடுப்படி பற்றிப் பெரியவர் கவலை கொள்ள வேண்டியதில்லை. முன்னெல்லாம் குறைந்தது நாலில் ஒரு பங்கு வாங்கியாக வேண்டும். 2021-இல் அந்நாட்டு அரசாங்கம் வகுத்த முறைப்படி பத்தில் ஒரு பங்கிலிருந்தே தொடங்கலாம். வசதி பெருகும்போது மேலும் மேலும் பங்குகளை வாங்கிக்கொள்ளலாம். இதைப் 'படியேறுதல்' என்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு படிக்கும் அன்றைய சந்தை விலையே விலை. அந்த வட்டாரத்தில் மனை விலை ஏற ஏற, ஏற வேண்டிய படியும் உயர்ந்துகொண்டே போகும். பழைய முறையில் இன்னொரு சங்கடமும் இருந்தது. நாலில் ஒரு பங்குக்குச் சொந்தக்காரர் பழுதுபார்க்கும் செலவில் மட்டும் முழுப் பங்கும் ஏற்க வேண்டியிருந்தது! புதிய முறை முதல் பத்தாண்டுகளுக்கு இந்தச் சுமையை ஓரளவு குறைத்திருக்கிறது.

இதைக் கேட்ட பெரியவர், "அப்படியானால் மீதிப் பங்குக்காரர் சொல்வதுதானே அங்கே சட்டம்?" என்றார். சரியான இடத்தில்தான் கை வைத்தார்.

இந்த ஏற்பாட்டின் பூர்வ கதை கூட்டுறவாளருக்கு உரியது. லண்டனுக்கு மேற்கே ஈலிங் என்னும் ஊரில், 1901-இல், ஹென்றி விவியன் என்ற தொழிற்சங்கத் தலைவர் முன்னின்று நடத்த, கட்டடத் தொழிலாளர் சிலர் சேர்ந்து ஒரு குடியிருப்போர் சங்கத்தை நிறுவினார்கள். நிலமும் வீடும் சங்கத்துக்குச் சொந்தம். குடியிருப்பவர் சங்கத்தில் பங்கு எடுப்பார், வாடகை கட்டுவார், ஆண்டிறுதியில் மிஞ்சும் ஆதாயத்தில் அவருடைய பாகம் மேலும் பங்காக அவர் கணக்கில் சேரும். தாமே வீட்டுக்காரர், தாமே குடிக்கூலிக்காரர் என்ற நிலை. பிரென்தம் என்று பெயர் பெற்ற அந்தக் குடியிருப்பு, 1915-க்குள் அறுநூற்றுக்கு மேற்பட்ட வீடுகளுடன், வேலிகளும் மரங்களும் விளையாட்டுத் திடலுமாக வளர்ந்தது. டென்னிஸ் வீரர் பிரெட் பெர்ரி சிறுவனாக வளர்ந்தது அங்கேதான்.

பிறகு நிகழ்ந்ததையும் சொல்ல வேண்டும். தொழிலாளரின் சேமிப்பு மட்டும் அவ்வளவு வீடுகளுக்குப் போதாமல், வெளியாரிடமிருந்து மூலதனம் பெறப்பட்டது. தொடக்கத்தில் அவர்கள் அளவான ஆதாயத்துக்கு இசைந்த நல்லெண்ணக்காரர்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல, குடியிருப்போரின் கையிலிருந்த அதிகாரம் வெளிப் பங்குதாரரின் கைக்கு நழுவியது. 1936-இல் குடியிருப்பு முழுவதும் ஒரு சொத்து நிறுவனத்துக்குக் கைமாறிற்று. மரங்கள் அங்கேயே நின்றன, வீடுகளும் நின்றன. சங்கம் மட்டும் இல்லாமற் போயிற்று. பங்கு இருந்தும் அவையில் வாக்கு வலுவிழந்தவரின் கதி இது.

நம் நாட்டில் 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடமளித்தது. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் பிற வகைச் சங்கங்களுக்கும் வாசலைத் திறந்துவிட்டது. அதன் பயனாக 1915-இல் பம்பாயில், காம்தேவி என்னும் பகுதியில், சாரஸ்வத் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் தோன்றியது. ஸ்ரீபாத் சுப்பராவ் தல்மகி அதன் முன்னோடி. ஈலிங்கைப் போலவே இங்கும் நிலமும் கட்டடமும் சங்கத்தின் உடைமை. அங்கத்தினர் பங்கின் பேரில் குடியிருந்தனர். ஆனால் இது நூறாண்டைக் கடந்து நிலைத்துவிட்டது. பங்கு எடுத்தவர்களும் குடியிருந்தவர்களும் ஒருவரேயாக இருந்தது இதற்கு ஒரு முக்கிய காரணம் என்பது நமது அபிப்பிராயம்.

சென்னைப் பக்கத்தில் இவ்வகை அதிகம் வேரூன்றவில்லை. அடையாற்றில் காந்தி நகரை உருவாக்கியது ஒரு கூட்டுறவு வீடு கட்டும் சங்கமே. நிழல் தரும் மரங்களும் அகன்ற வீதிகளுமாக இன்றும் அதன் அழகு குன்றவில்லை. எனினும் அங்கே மனை மனையாகப் பிரித்து அவரவர் பெயருக்கே கொடுக்கப்பட்டது. தமிழருக்குத் தம் பெயரில் பத்திரம் இருந்தால்தான் உறக்கம் வரும். சங்கத்தின் பெயரில் வீடு, தமக்கு ஒரு பங்குச் சீட்டு என்றால், 'இதை மகளுக்கு எழுதிவைக்க முடியுமா?' என்ற கேள்வி உடனே எழுகிறது. இதில் பிழையொன்றும் இல்லை. ஆனால் நிலத்தின் விலை ஏறிவிட்டபடியால், தம் பெயரில் தனி மனை என்பது நெசவாளர் குடும்பத்துக்கு எட்டாததாகிவிட்டது. பெயரளவில் பத்திரம், உண்மையில் பங்கு என்ற அடுக்குமாடி முறைக்கு நாம் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

புதுச்சேரிக்கு அருகிலேயே கண்ணுக்கெதிரே வேறொரு மாதிரியும் உண்டு. 1968 பிப்ரவரி 28-இல் தொடங்கப்பட்ட ஆரோவில், அரிப்போடிய செம்மண் மேடாக இருந்த நிலம். இன்று காடாக நிற்கிறது. அங்கே ஒருவர் தம் பணத்தையே போட்டு வீடு கட்டிக் குடியிருந்தாலும் அந்த வீடு அவருடைய சொத்தாவதில்லை. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொத்து அறக்கட்டளையைச் சார்ந்தது. விற்று ஆதாயம் காணவோ, வாரிசுக்கு எழுதிவைக்கவோ இயலாது. அந்தக் கொள்கையை ஏற்று வந்தவர்களுக்கு அது பொருந்தும். நகையை விற்று வீடு வாங்கும் முத்தியால்பேட்டைக் குடும்பத்துக்குப் பொருந்தாது.

இனி நம் பெரியவரின் பழைய வீட்டுக்கு வருவோம். தாத்தா காலத்து ஓட்டு வீடு, நான்கு பங்காளிகள், இரண்டு குழித்தறிகள். சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. பேரக் குழந்தைக்கு மூச்சிரைப்பு. வீட்டை இடித்துக் கட்ட ஒரு பங்காளி இசைந்தால் மற்றொருவர் இசைவதில்லை. மருமகள் புறநகர் வீட்டை விரும்புவதற்கு இவை போதாவா? எனினும் அந்தப் பழைய வீட்டில் பெரியவருக்கு ஓர் உரிமை இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் இவ்வூரில் வழங்கிய சிவில் சட்டத் தொகுப்பும் அதைச் சொன்னது: பிரிவினையின்றிக் கூட்டாகவே இருந்துதீர வேண்டுமென்று எவரையும் கட்டாயப்படுத்தலாகாது. இன்று நடப்பிலுள்ள சட்டத்தின்படியும் பங்காளி பாகம் கேட்கலாம். இசையாவிடில் நீதிமன்றம் போகலாம். பங்காளிகள் யார் யார் என்பதும் அவருக்குத் தெரியும். அவர்களுடைய குணமும் தெரியும்.

அடுக்குமாடியில் நிலைமை நேர்மாறு. பிரிவினை செய்யப்படாத நிலப் பங்கு என்பது பெயருக்கேற்ப என்றும் பிரிவினை செய்யப்படாதது. பாகம் கேட்கமாட்டேன் என்று வாங்குபவர் பத்திரத்திலேயே எழுதிக்கொடுத்துவிடுகிறார். கேட்டாலும் மூன்றாவது மாடிக்கு மண்ணில் எந்த மூலையை அளந்து கொடுப்பது? பங்காளிகளோ முன்பின் அறியாதவர்கள். பாகம் பிரித்துக்கொண்டு விலக வழியில்லாத கூட்டில், ஒருவருக்கு எஞ்சியிருப்பது பேச்சுரிமை ஒன்றே. தம் பங்கு இத்தனை என்று எண்ணால் எழுதப்பட்டிருக்க வேண்டும். அது குறையாமலிருக்க வேண்டும். பொது இடங்கள் குடியிருப்போர் சங்கத்தின் கைக்கு வந்துசேர வேண்டும். இவை இல்லையேல் ஈலிங்கில் முப்பத்தைந்து ஆண்டுகளில் நிகழ்ந்தது இங்கே மூன்றே ஆண்டுகளில் நிகழ்ந்துவிடும்.

இதை நாம் பிறர் சொல்லக் கேட்டு எழுதவில்லை. பணியில் சேர்ந்த புதிதில், வேறொரு சங்கத்தின் அங்கத்தினர் இப்படியே ஒரு பத்திர நகலைக் கொண்டுவந்தார். வில்லங்கச் சான்று பார்த்தோம். முப்பது ஆண்டுகளுக்கு மாசில்லை. அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் பார்த்தோம், பன்னிரண்டு வீடுகள். "தாராளமாக வாங்கலாம்" என்று சொல்லிவிட்டோம். பட்டதாரி என்ற மிடுக்கும் அந்தச் சொல்லில் கொஞ்சம் இருந்தது. நிலப் பங்கு எத்தனையில் ஒன்று என்று எழுதப்படாததையும், 'மேல்தள உரிமை விற்பவரையே சாரும்' என்று பதினான்காம் பக்கத்தில் ஒரு வரி இருந்ததையும் நாம் கவனிக்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் மேலே நான்கு வீடுகள் எழும்பின.

கணக்கைப் பாருங்கள். மனை 6 ஆர், அதாவது 600 சதுர மீட்டர். சதுர அடியில் ஏறக்குறைய 6,458. பன்னிரண்டு வீட்டுக்குச் சமமாகப் பங்கிட்டால் வீட்டுக்கு 538 சதுர அடி மண். பதினாறாக்கினால் 403. ஒருவர் விலை கொடுத்து வாங்கிய நிலத்தில் 135 சதுர அடி, ஒரு காகிதமும் கையெழுத்துமின்றி மறைந்துவிட்டது. பன்னிரண்டு குடும்பங்களுக்காக வெட்டிய கிணறு பதினாறுக்குப் போதவில்லை. பின்புறம் விடப்பட்டிருந்த தென்னைகளை வெட்டி வண்டிகள் நிறுத்தினார்கள். அந்த அங்கத்தினர் நம்மைக் குறை கூறியதில்லை. ஒரு கல்யாண வீட்டில் சந்தித்தபோது, "நீங்கள் பார்த்துத்தானே சொன்னீர்கள், ஐயா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு எந்தப் பத்திரத்தையும் நாம் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குகிறோம்.

அப்போது இல்லாத ஒரு துணை இப்போது உண்டு. 2016-ஆம் ஆண்டின் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம், பேச்சு வழக்கில் 'ரேரா', 2017 மே முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இதன்படி, எழுத்து மூலமான ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது. வாங்குபவர்களிடமிருந்து பெறும் தொகையில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அந்த நிலத்துக்கும் கட்டடத்துக்குமே செலவிட வேண்டும். வீட்டின் பரப்பைச் சுவருக்குள் புழங்கும் தரைப் பரப்பாகவே சொல்ல வேண்டும். மாடிப்படியையும் நடைபாதையையும் சேர்த்துப் பெருக்கிக் காட்டலாகாது. கட்டட வரைபடத்தை மாற்றிக் கூடுதல் மாடி எழுப்புவதற்கு, வீடு ஒதுக்கப்பெற்றவர்களில் மூன்றில் இரு பங்கினரின் எழுத்துச் சம்மதம் தேவை. பொது இடங்களைக் குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். திறந்தவெளி வண்டி நிறுத்துமிடமும் பொது இடத்தைச் சேர்ந்ததே. அதைத் தனியே ஒருவருக்கு விற்க முடியாது. வீடு கட்டி ஒதுக்கும் கூட்டுறவுச் சங்கமும் இச்சட்டத்தில் கட்டுமானக்காரராகவே கருதப்படுகிறது என்பதைச் சங்க நிர்வாகிகள் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆனால் ஓர் ஓட்டையும் உண்டு. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத திட்டத்துக்கும், எட்டு வீடுகளுக்கு மேற்படாத திட்டத்துக்கும் பதிவு கட்டாயமில்லை. 500 சதுர மீட்டர் என்பது சரியாக 5 ஆர். ஆர் கணக்கில் நிலம் எழுதும் நம் ஊரில், 5 ஆர் மனைகள் எத்தனை என்பதை அங்கத்தினரே எண்ணிப் பார்க்கட்டும். அத்தகைய மனையில் வீடு வாங்குபவர், சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றிராமல், மேற்கண்ட நிபந்தனைகளை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

நெசவாளருக்கென்று தனியே ஒன்றுண்டு. குழித்தறிக்குக் குழி வேண்டும். இரண்டாம் மாடியில் குழி வெட்ட இயலாது. தரையில் எவ்வளவு பங்கு இருந்தாலும், பொது நிலத்தில் ஒருவர் மட்டும் தறிக் கொட்டகை போட மற்றவர்கள் இடங்கொடார்கள். சட்டத் தறியை வீட்டுக்குள் போடலாமென்றால், தொழில் நடத்தக் கூடாதென்று குடியிருப்பு விதியில் இருக்கக்கூடும்; இல்லாவிட்டாலும் தறியோசைக்குக் கீழ்வீட்டார் மனுக்கொடுப்பார்கள். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி இடுவதற்காகவே நம் முன்னோர் நெசவாளர் வீதிகளை நீளமாக விட்டு இருபுறமும் மரம் வளர்த்தார்கள். விளம்பரத் தாளில் 'பசுமை சூழ்ந்த' என்று அச்சிட்டிருப்பது வேறு வகை மரம். அதன் நிழலில் பாவு விரிக்க விடமாட்டார்கள். பெரியவரிடம் இதைச் சொன்னபோது சிறிது நேரம் பேசாமலிருந்தார். "மகன் சேதராப்பட்டுக்கு வேலைக்குப் போகிறான். தறி எனக்கு மட்டும்தான்" என்றார். தறியைப் பழைய வீட்டிலேயே விட்டுவைக்கலாம் என்பது அவர் எண்ணம். அப்படியானால் பழைய வீட்டின் பங்கை விற்றுப் புதிய வீட்டின் மீதித் தொகையைத் தீர்ப்பதாக ஒப்பந்தத்தில் போட்டிருக்கும் தவணைக் கணக்கு நடவாது. தறியா, தவணையா என்பதை அவர் வீட்டில் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்த மாந்தோப்பின் சொந்தக்காரர் யாரென்று விசாரித்ததில், அவரும் நம் சரகத்திலுள்ள வேளாண்மைக் கடன் சங்கத்தின் அங்கத்தினராகவே இருந்தார். போய்ப் பார்த்தோம். நிலத்தை அவர் விற்கவில்லை. கட்டுமானக்காரருடன் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டு, நிலத்துக்கு ஈடாக நான்கு வீடுகள் பெறவிருக்கிறார். பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தாயிற்று. அந்தப் பத்திரத்தைக் கொண்டு நிலத்தை ஈடு வைத்துக் கட்டுமானக்காரர் கடன் வாங்க இடமுண்டா என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. பத்திரத்தை எடுத்துப் படித்தோம், இடமிருந்தது. கிழக்கு ஓரத்து ஆறு மாமரங்கள் அப்படியே விடப்படும் என்று நம்பியிருந்தார். வரைபடத்தில் அந்த ஓரம் முழுவதும் கூரையிட்ட வண்டிக் கொட்டகை. ஆக, நிலம் கொடுத்தவரும் பணம் கொடுக்கவிருப்பவரும் ஒரே காகிதத்தின் இரு ஓரங்களில், ஒருவரையொருவர் அறியாமல், ஒரே கேள்வியைக் கேளாமலிருந்தார்கள். இவர்கள் இருவரும் தத்தம் சங்க மகாசபையில் உப்புக்கணக்குவரை கேள்வி கேட்பவர்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இருவரையும் சந்திக்க வைத்தோம். இப்போது மூன்று விஷயங்களை எழுதிக் கேட்டிருக்கிறார்கள்: ஒவ்வொரு வீட்டுக்கும் நிலப் பங்கு எத்தனையில் ஒன்று; மேல்தள உரிமை யாருக்கு; கிழக்கு ஓரமும் கிணறும் பொது இடமாகப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் சேருமா. முதற் கேள்விக்கு ஒரு வாரத்தில் பதில் வந்துவிட்டது. மூன்றாவதற்கு, வரைபடத்தைத் திருத்தி நான்கு மரங்களை விட்டுவைக்கலாம் என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். எழுத்தில் தரும்படி தோப்புக்காரர் கேட்டிருக்கிறார். மேல்தளம் பற்றி இதுவரை பதிலில்லை. பெரியவரின் சிக்கன நிதி சங்கத்திலேயே இருக்கிறது. நகைகளும் வீட்டில் இருக்கின்றன. லண்டனிலிருப்பவருக்கும் தகவல் போயிருக்கிறது. தம் குத்தகைப் பத்திரத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துப் பார்ப்பதாக அவர் சொன்னாராம்.